பார்த்தும் சொல்லாதது

ஜெசிந்தாவும் சுடலைமணியும் கூட்டாகத் தொழில் தொடங்கிய பிறகு பெரிதாகச் சண்டை போட்டது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். கணினி நிரல் எழுத எந்த எடிட்டரை எடுப்பது, காசு கட்டுவதையா, இலவசத்தையா என்பதுதான் அது.

தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஓர் ஐஸ் கம்பெனியின் மாடியில் அவர்களுடைய அலுவலகம் இருந்தது. கீழே ஐஸ் உடைக்கிற இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேலே மேசை அதிரும். அவர்கள் செய்தது ஒரு சின்னக் கருவி. பெயர் கரைசொல்லி. மீன்பிடி வள்ளத்தில் பொருத்திவிட்டால், அது எங்கே நிற்கிறது என்பதைச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆபத்தென்றால் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். கருவியைச் சுடலைமணி செய்தான். அதற்குள் ஓடும் நிரலையும், கரையில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் கணினிக்கான நிரலையும் ஜெசிந்தா எழுதினாள்.

அந்த ஆண்டுகளில் நிரல் எழுதுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் முன்கண் என்ற எடிட்டருக்கு மாறியிருந்தார்கள். பழைய எடிட்டர்கள் எழுத்துப்பிழை பார்த்தன, அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தன. முன்கண் அதோடு நிற்கவில்லை. எழுதிய நிரலைத் தன் பெரிய இயந்திரங்களுக்குக் கொண்டுபோய், இனி வரப்போகிற ஆண்டுகளை நாள் நாளாகக் கற்பனையில் ஓட்டிப் பார்த்தது. என்றைக்கு, எந்தச் சூழ்நிலையில் அந்த நிரல் உடையும் என்று அதற்கு முன்கூட்டியே தெரிந்தது. இலவசப் பதிப்பு இன்றைய பிழைகளைக் காட்டும். கட்டணப் பதிப்பு நாளைய பிழைகளையும் காட்டும்.

"காசு கட்டுறதையே எடுத்துருவோம் ஜெசி," என்றான் சுடலைமணி. "கடல்ல போற ஆளுங்க உயிரு இதுல இருக்கு."

"எடுத்தா டப்பா விலை ஏறும். அப்புறம் வள்ளக்காரங்க யாரு வாங்குவா? பெரிய விசைப்படகு முதலாளிங்கதான் வாங்குவாங்க. அவங்ககிட்டதான் ஏற்கெனவே எல்லாம் இருக்கே."

"ஃப்ரீன்னு எவனும் சும்மா குடுக்க மாட்டான். நம்ம எழுதுற கோடு பூரா எடுத்துப் படிச்சுக்கிடுதான்."

"படிக்கட்டும். நானே ஃப்ரீல படிச்சவதான். யாரோ எழுதிப் பொதுவுல போட்டதைப் பாத்துப் பாத்துதான் எழுதக் கத்துக்கிட்டேன். நம்மளதையும் நாலு பேரு பாக்கட்டுமே. ஃப்ரீ எடிட்டர் நாளைக்கு நடக்குறதைப் பாக்காது, அவ்வளவுதானே? அதை நான் பாத்துக்கிடுதேன்."

சுடலைமணி விட்டுக்கொடுத்தான். ஜெசிந்தாவும் சொன்னபடி பார்த்தாள். பேட்டரி இறங்கினால் என்ன ஆகும், உப்புத்தண்ணீர் உள்ளே போனால் என்ன ஆகும், மேகம் மூடிச் செய்தி தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்று அவளால் யோசிக்க முடிந்ததையெல்லாம் யோசித்தாள். தாமதமாக வந்து சேரும் பழைய செய்தி, புதிய செய்தியை அழித்துவிடக் கூடாது என்பதற்காகக் கரையிலிருந்த கணினிக்கு ஒரு விதி எழுதினாள். முன்னே வந்ததைவிடப் பழையதாக ஒரு செய்தி வந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டும். நல்ல விதி. முன்கண் அதற்குப் பச்சைக் குறி போட்டது.

முதல் கருவியை வாங்கியவர் அமலதாஸ். நாற்பதைத் தாண்டியவர். இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு சில நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிறவர்.

"இது என்ன தங்கச்சி, சோப்பு டப்பா மாதிரி இருக்கு?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் எங்க நிக்கேன்னு என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சிரும், அதானே? கடல்லயாவது நிம்மதியா இருந்தேன். அதுலயும் மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

கரை முழுக்கக் கேட்கிறமாதிரி சிரித்தார். அந்த வாரமே கடலிலிருந்து சும்மா ஒருதரம் சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பார்த்துவிட்டு, கரைக்கு வந்ததும் நேரே மாடியேறி வந்தார்.

"வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே. கம்ப்யூட்டர் மணி அடிச்சு ஆளைக் கூப்பிட்டுட்டு. நான் பயந்தே போயிட்டேன்."

"நல்லது. அப்போ எந்நேரமும் நீ பாத்துக்கிட்டே இருக்கே." துறைமுகம் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் பேச்சைக் கேட்டே இன்னும் சில வள்ளக்காரர்கள் கருவி வாங்கினார்கள்.

மாதா கோயில் திருவிழா நெருங்கிய சமயம். பெரும்பாலான வள்ளங்கள் கரையேறிவிட்டன. சப்பரம் சுற்றும் நாளுக்குள் வந்துவிடலாம் என்று அமலதாஸ் மட்டும் கடைசியாக ஒருதரம் கடலுக்குப் போனார். ஜெசிந்தாவின் திரையில் அவருடைய வள்ளம் ஒரு புள்ளியாகத் தெற்கே நகர்ந்தது. பிறகு ஓரிடத்தில் நின்றது. மறுநாளும் அங்கேயே நின்றது.

அமலதாஸின் மனைவி பிலோமினா போன் செய்தாள். "எங்க நிக்காவ ஜெசி?"

"ஒரே இடத்துலதான் நிக்காங்க மைனி. நல்ல மீன்பாடு போலிருக்கு. வலையை எடுக்க மனசு வரலை."

"வரட்டும், வரட்டும். சப்பரத்துக்கு வரலைன்னா நான் பேசிக்கிடுதேன்."

சப்பரம் வந்தது, போனது. புள்ளி நகரவில்லை. தேடிப் போன வள்ளங்கள் அந்தப் புள்ளிக்கு நேரே போய்ச் சேர்ந்தன. அங்கே தண்ணீர்தான் இருந்தது.

அமலதாஸோடு போன இரண்டு பேரையும் வெகுதூரம் கிழக்கே ஒரு சரக்குக் கப்பல் தூக்கியது. அவர்களில் லூர்து என்பவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி நடந்ததைச் சொன்னான். சுற்றி நின்றவர்களில் ஜெசிந்தாவும் இருந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"எஞ்சின் நின்னுட்டு. காத்து இழுத்துக்கிட்டே போகுது. அமலண்ணன் பொத்தானை அமுக்கிக்கிட்டே இருந்தாரு. 'பயப்படாதீங்கலே, ஜெசி பாத்துருப்பா, இந்நேரம் ஆள் கெளம்பியிருக்கும்'னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. எங்களுக்கும் அந்த நெனப்புதான். பெறகு அலையில வள்ளம் கவுந்துட்டு. நாங்க ஐஸ் பெட்டியைப் பிடிச்சுக்கிட்டோம். அண்ணன் அந்த டப்பாவை விடலை."

ஜெசிந்தா யாரிடமும் எதுவும் சொல்லாமல் அலுவலகத்துக்கு வந்து, கரைக் கணினியைத் திறந்தாள். அது ஏற்றுக்கொண்ட செய்திகளில் ஆபத்தென்று ஒன்றுமில்லை. பிறகு, பழையவை என்று ஒதுக்கப்பட்ட செய்திகளைத் திறந்தாள். அங்கே இருந்தன. ஆபத்து, ஆபத்து, ஆபத்து என்று திரையை உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் வள்ளம் அப்போது நின்ற இடம் பிசகில்லாமல் இருந்தது. அமலதாஸ் அமுக்கியது அத்தனையும் கரைக்கு வந்து சேர்ந்திருந்தது.

சுடலைமணி மாடியேறி வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"செயற்கைக்கோள் நேரத்தை ஒரு எண்ணாத்தான் அனுப்புது," என்றாள். "பைக் மீட்டர் எல்லாம் ஒன்பதா ஓடி முடிஞ்சா மறுபடி பூஜ்யம் வருதுல்லா, அதே மாதிரி அந்த எண்ணும் நிறைஞ்சதும் பூஜ்யத்துக்குப் போயிருது. அவரு கடலுக்குப் போன மறுநாள் அது நிறைஞ்சிருக்கு. நம்ம கம்ப்யூட்டர் சின்ன எண்ணைப் பாத்துட்டு, பழைய செய்தின்னு நெனச்சு எல்லாத்தையும் தள்ளிட்டு. நான் எழுதுன விதிதான் சுடலை."

"மத்த வள்ளம்?"

"எல்லாம் கரையில கெடந்துச்சே. கரையில கெடக்குற வள்ளத்துப் புள்ளி நகரலைன்னா யாருக்குச் சந்தேகம் வரும்?"

சுடலைமணி தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, முன்கண்ணின் கட்டணப் பதிப்புக்குச் சந்தா கட்டினான். ஜெசிந்தா தடுக்கவில்லை. அவளுடைய நிரல் அதில் திறந்தது. ஓட்டிப் பார்க்கக்கூட நேரம் எடுக்கவில்லை. அந்த விதியின் பக்கத்தில் சிவப்புக் குறி எரிந்தது. என்ன நடக்கும், எந்த நாளில் நடக்கும் என்பதெல்லாம் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, பிழை முதலில் காணப்பட்ட நாள் என்று ஒரு தேதி. அமலதாஸ் கருவி வாங்குவதற்கு முந்தைய மாதம். ஜெசிந்தா அந்த விதியை எழுதிய நாள்.

"நாம இப்பதானே காசு கட்டினோம்," என்றாள். "அன்னைக்கு எப்படி அது பாத்துச்சு?"

அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசினாள். எடுத்த பெண் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

"மேடம், எங்க ரெண்டு பதிப்பும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். எல்லாக் கோடையும் முன்னாடி ஓட்டிப் பார்த்தாத்தான் அதால கத்துக்க முடியும். காட்டுறதுல மட்டும்தான் வித்தியாசம்."

"அப்போ அதுக்குத் தெரியும்."

"கணிப்பு இருந்திருக்கும் மேடம்."

"தெரிஞ்சுக்கிட்டே பச்சைக் குறி போட்டுச்சா?"

"பச்சைங்கிறது, இன்னிக்குப் பிழை இல்லைன்னு அர்த்தம் மேடம். அது விதிமுறையில இருக்கு." பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்னால இதுக்கு மேல எதுவும் சொல்ல முடியாது மேடம். மன்னிச்சிருங்க," என்றாள்.

பிலோமினாவிடம் சொல்லவேண்டாம் என்று சுடலைமணி சொன்னான். கேஸ் வரும் என்பதற்காக அவன் அதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்றுதான் கேட்டான். ஆனால் ஜெசிந்தாவால் தெருவில் அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போக முடியவில்லை. அமலதாஸின் உடல் கிடைக்காமலே கோயிலில் பூசை முடிந்திருந்தது. ஒரு பிற்பகலில் ஜெசிந்தா பிலோமினாவின் வீட்டுக்குப் போனாள். பிலோமினா வாசல் பக்கம் உட்கார்ந்து பிள்ளைகளின் பள்ளிக்கூடத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா எதையும் மறைக்காமல் சொன்னாள். தன் விதியை, ஒதுக்கப்பட்ட செய்திகளை, எடிட்டருக்கு முன்பே தெரிந்திருந்ததை, அதைச் சொல்லக் காசு கேட்டதை.

பிலோமினா மடிப்பதை நிறுத்தவில்லை. கடைசிச் சட்டையை மடித்து வைத்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"அப்போ அவிய கூப்பிட்டது இங்க கேட்டிருக்கு."

"கேட்டிருக்கு மைனி."

"நான் உனக்கு போன் போட்டேனே. அப்பவும் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தாவளா?"

ஜெசிந்தா ஆமென்று தலையை மட்டும் அசைத்தாள்.

"இதை ஏன் எங்கிட்ட வந்து சொல்லுத?" பிலோமினாவின் குரல் உயரவே இல்லை. "கடல் எடுத்துக்கிட்டுன்னு நெனச்சேன். எங்க அப்பாவை எடுத்துச்சு, இவியளையும் எடுத்துக்கிட்டுன்னு நெனச்சேன். அழுதேன், தூங்குனேன். இனிமே எப்படித் தூங்குவேன்? கண்ணை மூடினா அவிய அமுக்கிக்கிட்டே இருப்பாவளே."

"தெரியணும்னு நெனச்சேன் மைனி."

"உனக்கு பாரம் எறங்கணும்னு வந்திருக்கே. எறக்கி வச்சுட்டேல்லா, போ. இனிமே இந்தப் பக்கம் வராத."

ஜெசிந்தா எழுந்து வந்துவிட்டாள். பிலோமினா சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தோன்றியது. தான் செய்ததும் சரிதான் என்றும் தோன்றியது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கருவியைப் பாதிப் பேர் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். மீதிப் பேர் வேறு வழியில்லாமல் வைத்துக்கொண்டார்கள். சுடலைமணி கட்டணப் பதிப்பை நிறுத்தவில்லை. கடன்பட்டும் அதைக் காப்பாற்றினான். அது காட்டிய ஒவ்வொரு பிழையையும் ஜெசிந்தா திருத்தினாள். மழைக்காலத்தில் இரண்டு வள்ளங்கள் பொத்தானை அமுக்கின. இரண்டுக்கும் ஆள் போனது. எல்லோரும் கரை வந்து சேர்ந்தார்கள். ஆனால் அந்த இரண்டு தடவையும், மணி அடித்து நின்ற பிறகு ஜெசிந்தா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த கோடையில் ஒருநாள் சிவப்புக் குறி ஒன்று வந்தது. பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று கணிக்கும் பகுதியில் பிழை. அவள் எழுதிய பகுதி அல்ல அது. யாரோ ஒருவர் என்றைக்கோ எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் விட்டது. பேட்டரி பழசாகும்போது, தீரப்போகிற பேட்டரியையும் அது நிறைந்திருப்பதாகக் காட்டும். கரைசொல்லிக்கு அதனால் பெரிய ஆபத்தில்லை. ஜெசிந்தா சிறிது நேரத்திலேயே திருத்திவிட்டாள். அதன் பிறகுதான் கீழே இருந்ததைப் படித்தாள். இதே பகுதியைப் பயன்படுத்தும் மற்றவை: வீட்டில் வைத்துக்கொள்ளும் மூச்சுக் கருவிகள். சேலத்தில் ஒரு நிறுவனம், ஓசூரில் ஒன்று, வடக்கே சில. எல்லாம் இலவசப் பதிப்பில் எழுதுகிற சின்ன நிறுவனங்கள்.

சந்தா கட்டும்போது ஒரு நிபந்தனைக்குச் சம்மதித்திருந்தார்கள். எச்சரிக்கைகள் முன்கண் நிறுவனத்தின் சொத்து. சந்தா இல்லாதவர்களுக்கு அவற்றைத் தெரிவித்தால் சந்தா போய்விடும், திரும்பக் கிடைக்காது.

"சொல்லாத ஜெசி," என்றான் சுடலைமணி. அன்றைக்குக் காசு கட்டுவோம் என்று சண்டை போட்ட அதே குரல். "நம்ம கண்ணு போயிரும். நாளைக்கு நம்ம வள்ளத்துக்கு ஒண்ணு வந்தா? இன்னொரு மைனி வீட்டு வாசல்ல போய் நிப்பியா?"

"சொல்லலைன்னா மூச்சுத் திணறிச் சாகப்போறவங்க வீட்டு வாசல்ல யாரு போய் நிப்பா?"

"அவங்க யாருன்னே நமக்குத் தெரியாது."

"முன்கண்ணுக்கு மட்டும் அமலண்ணனைத் தெரியுமா?"

சுடலைமணி எழுந்து ஜன்னல் பக்கம் போனான். கீழே ஐஸ் லாரி ஒன்று பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது. அது திரும்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்:

"ஒருநாள் பொறு. நம்ம கோடு பூராவையும் கடைசியா ஒருதரம் ஓட்டிக்கிடுதேன். அதுல காட்டுறதை எல்லாம் சரிபண்ணிட்டு, பெறகு பொதுவுல போடு."

அப்படியே செய்தார்கள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளாமல், அது காட்டியதையெல்லாம் திருத்தி முடித்தார்கள். பிறகு ஜெசிந்தா, நிரல் எழுதுகிறவர்கள் கூடும் பொதுத்தளத்தில் பேட்டரிப் பிழையைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினாள். தன் பெயரையும் போட்டாள். மறுநாள் காலை முன்கண்ணைத் திறந்தபோது அது இலவசப் பதிப்பாக மாறியிருந்தது. நிரல் முழுவதும் பச்சையாக இருந்தது.

அவள் எழுதியதை நம்புகிறவர்கள் அதிகமில்லை. எங்கள் எடிட்டர் பச்சை காட்டுகிறதே என்று பதில் போட்டார்கள். போட்டி நிறுவனத்துக்காரி புரளி கிளப்புகிறாள் என்று ஒருவர் எழுதினார். முன்கண் நிறுவனம் ஒன்றுமே எழுதவில்லை. மூன்று நாள் பார்த்துவிட்டு ஜெசிந்தா போனை எடுத்தாள்.

சேலத்து நிறுவனத்தில் நிரல் எழுதுகிறவள் மங்கையர்க்கரசி என்ற பெண். அவளும் அதையேதான் சொன்னாள்.

"பச்சையாத்தானேங்க இருக்குது. நீங்க சொல்றதை வெச்சு வித்த மெஷினை எல்லாம் திரும்ப வாங்கச் சொன்னா எங்க ஓனர் என்னைய வேலையை விட்டே அனுப்பிருவாருங்க."

"எங்களுக்கும் பச்சையாத்தான் இருந்துச்சு," என்றாள் ஜெசிந்தா. பிறகு அமலதாஸைப் பற்றிச் சொன்னாள். இந்த ஊருக்கு வெளியே ஒருவரிடம் அவள் அந்தப் பெயரைச் சொன்னது அதுவே முதல்முறை. அந்தப் பக்கம் நாற்காலியை இழுக்கும் ஓசை கேட்டது.

"எந்த எடம்னு சொன்னீங்க? இருங்க, தெறக்கறேன்."

இரண்டு பேரும் போனிலேயே வரி வரியாகப் படித்தார்கள். பிழை இருந்த வரி வந்ததும் மங்கையர்க்கரசி, "ஆமாங்க, ஆமாங்க," என்று இரண்டுதரம் மெதுவாகச் சொன்னாள். இன்றைக்கே ஓனரிடம் பேசுவதாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

ஜெசிந்தாவுக்கு நெடுநாளைக்குப் பிறகு நன்றாக மூச்சு வந்தது போலிருந்தது. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, ஓசூர் நிறுவனத்தின் எண்ணை அழைத்தாள். வயதான ஒருவர் எடுத்தார்.

"வணக்கம் சார். உங்க மூச்சுக் கருவியில பேட்டரி காட்டுறதுல ஒரு பிழை இருக்கு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அவர், இதே கேள்வியைப் பலரிடம் கேட்டுக் களைத்துப்போன குரலில் கேட்டார்:

"நீங்க எந்த வீட்டுலேருந்தும்மா பேசறீங்க? பேஷன்ட்டு பேரு சொல்லுங்க."

ஜெசிந்தா போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். எதிரே திரையில் அவளுடைய நிரல் பச்சையாகவே ஒளிர்ந்துகொண்டிருந்தது. சுடலைமணி என்னவென்று கண்ணால் கேட்டான். பொறு என்று அவள் கை காட்டினாள்.

"நான் எந்த வீட்டுலேருந்தும் பேசலை சார்," என்றாள் கடைசியில். "என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. நான் கேக்கேன்."

அந்த மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கருவி நின்றுபோன முதல் வீட்டிலிருந்து சொல்லத் தொடங்கினார்.